கொடி சிவப்பு, ஓட்டு வேறு: கீழத்தஞ்சையில் இடதுசாரிகள் கரைந்தது எப்படி?

நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் 2019இல் ஜெயித்தது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. 2024இலும் அதே கட்சிதான், அதுவும் பெரிய வித்தியாசத்தில். 2021 சட்டமன்றத் தேர்தலில் திருத்துறைப்பூண்டியில் இந்தியக் கம்யூனிஸ்டின் கதிர் அரிவாள் வென்றது, கீழ்வேளூரில் மார்க்சிஸ்டின் சுத்தியல் அரிவாள் நட்சத்திரம் வென்றது. வெளியூரில் உட்கார்ந்து இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர், கீழத்தஞ்சை, அதாவது பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி, இன்னும் செங்கோட்டைதான் என்று முடிவுகட்டிவிடுவார்.

உள்ளூர்க்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு 2014உம் 2016உம் ஞாபகம் இருக்கிறது. 2014இல் அதிமுக கூட்டணி அமையாமல் போனது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் ஆளுக்கு ஒன்பதாகப் பிரித்துக்கொண்டு 18 தொகுதிகளில் தனியாக நின்றன. ஓர் இடமும் கிடைக்கவில்லை, நாகையையே அதிமுக எடுத்துக்கொண்டது. 2016இல் மதிமுக, விடுதலைச் சிறுத்தைகள், விஜயகாந்த் ஆகியோரோடு மக்கள் நலக் கூட்டணி கட்டிப் பார்த்தார்கள். அதற்கும் பூஜ்யம். 1952க்குப் பிறகு கம்யூனிஸ்ட் ஒருவர்கூட இல்லாத முதல் சட்டமன்றம் அதுதான்.

திருத்துறைப்பூண்டியின் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1996இல் திமுக, தமிழ் மாநில காங்கிரஸ் அணியில் இந்தியக் கம்யூனிஸ்ட் வென்றது. 2001இல் அதிமுக அணியில் வென்றது. 2006இல் மறுபடி திமுக அணி, 2011இல் மறுபடி அதிமுக அணி, வெற்றி மட்டும் மாறவில்லை. நான்கு தேர்தல், இடையில் மூன்று முறை அணி மாறியது, நான்கு முறையும் கதிர் அரிவாள். 2016இல் பெரிய கட்சி எதுவும் பக்கத்தில் இல்லாமல் நின்றபோது தொகுதி திமுகவுக்குப் போய்விட்டது. அந்த ஓட்டில் கட்சியின் சொந்த ஓட்டு எவ்வளவு, கூட்டணி கொண்டுவந்து கொட்டிய ஓட்டு எவ்வளவு என்று அந்த ஒரு தேர்தல் பிரித்துக் காட்டிவிட்டது.

உழைக்கும் மக்கள் முற்போக்குக் கட்சிகளை விட்டு விலகுவது ஏன் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். 2019இல் பிரிட்டனின் பழைய சுரங்க ஊர்கள் பலவற்றைத் தொழிற்கட்சி இழந்தது. அமெரிக்காவில் ஆலைகள் மூடிய மாநிலங்கள் 2016இல் டிரம்ப் பக்கம் சாய்ந்தன. அங்கே சொல்லப்படும் காரணங்கள் தெரிந்தவைதான்: கட்சி படித்தவர்களின் கையில் போய்விட்டது, தொழிலாளியின் பாஷை அதற்கு மறந்துவிட்டது, குடியேறிகள் பற்றிய பயத்தை அது கண்டுகொள்ளவில்லை. இந்த விளக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து டெல்டாவில் வைத்தால் பொருந்தாது. இங்கே கிளைச் செயலாளர் இன்றைக்கும் அதே தெருக்காரர்தான். முதியோர் பென்ஷன் நின்றுபோனால் மனு எழுதிக் கொடுப்பவர் அவர். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட வருபவரும் அவர்தான். தெருவும் பாஷையும் அப்படியே இருந்தும் ஓட்டு மட்டும் கைவிட்டுப் போயிருக்கிறது.

என் கணிப்பு இது. கட்சி உயிரோடு இருந்த இடம் வயலும் களத்துமேடும். கூலிக்காரர்களும் மிராசுதாரும் முகத்துக்கு முகம் நின்று பேரம் பேசிய இடம் அது. அந்தப் பேரம் மெல்ல மெல்ல அரசாங்கத்தோடு நடக்கும் பேரமாக மாறியது. மாறிய பிறகு, அரசாங்கத்தைக் கையில் வைத்திருக்கிற கட்சிக்கோ, அடுத்து வைத்திருக்கப்போகிற கட்சிக்கோ ஓட்டுப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆனது.

இதைப் புரிந்துகொள்ள, செங்கொடி விவசாயச் சங்கம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1943இல் கர்நாடகத்துக்காரரான பி. சீனிவாச ராவைக் கம்யூனிஸ்ட் கட்சி தஞ்சைக்கு அனுப்பியது. மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் மடத்து நிலக் குத்தகைதாரர்களிடையே சங்கம் தொடங்கியது. அப்போது பண்ணையாளின் நிலைமை என்ன? பரம்பரையாக ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டவர். குடிசை போட்டிருக்கிற மனையும் மிராசுதாருடையது. வேலைக்குத் தாமதமானால் சவுக்கடி. அதற்கு மேலும் பேசினால் சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள், அதற்குச் சாணிப்பால் என்று பேர். கூலி நெல்லை அளக்கும் மரக்கால் பண்ணைக்குப் பண்ணை வேறு. வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என்று வைத்திருந்தவர்களும் உண்டு.

சங்கத்தின் கோரிக்கைகள் இந்த இடத்திலிருந்துதான் பிறந்தன. அடிக்கக் கூடாது. முத்திரை போட்ட மரக்காலால்தான் அளக்க வேண்டும். ஒரு மரக்காலுக்கு முத்திரை வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள எந்தத் தத்துவப் புத்தகமும் படிக்க வேண்டியதில்லை. அறுவடை நாளில் களத்தில் நெல் பொலி பொலியாகக் குவிந்திருக்கும்போது அளக்கமாட்டோம் என்று உட்கார்ந்தால் மிராசுதார் வழிக்கு வந்தாக வேண்டும். மழை வந்தால் நெல் போச்சு. அந்தச் சில நாட்கள்தான் கூலிக்காரர்களின் பலம், அந்த நாட்களில் எல்லோரையும் ஒன்றாக நிற்கவைத்ததுதான் சங்கத்தின் பலம். 1944இல் மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம், 1948இல் மாயவரத்தில் இன்னொன்று. இவை மேசையில் உட்கார்ந்து வாங்கியவைதான் என்றாலும், மேசைக்கு இழுத்து வந்தது களத்துமேடு.

விலையும் கொடுத்தார்கள். 1940களின் கடைசியில் கட்சி தடை செய்யப்பட்டது. களப்பால் குப்பு திருச்சி சிறையில் இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950இல் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். 1952 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு 62 இடம் கிடைத்ததில் கீழத்தஞ்சையின் பங்கும் உண்டு. அதே ஆண்டு ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று சொன்ன முதல்வரே இதைச் செய்யவேண்டி வந்தது என்றால், வயலில் சங்கத்தின் அழுத்தம் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கட்சியின் முதல் விரிசலும் அந்த வெற்றியிலேயே ஒளிந்திருந்தது. பண்ணையாளை நீக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதும், பண்ணையாள் என்று யாரையும் வைத்துக்கொள்வதையே பல மிராசுதார்கள் நிறுத்திவிட்டார்கள், எல்லோரும் தினக்கூலி ஆனார்கள். சாட்டை போனது நல்லது. கூடவே வருஷம் முழுக்க இருந்த வேலையும் போனது. இன்னொரு பக்கம் 1955, 1956இல் வந்த குத்தகைப் பாதுகாப்பு, நியாய வாரச் சட்டங்கள் குத்தகைதாரருக்குத் தெம்பு கொடுத்தன. 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தது. ஆரம்பத்தில் குத்தகைதாரரும் கூலிக்காரரும் ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள். குத்தகை நிலைத்ததும் குத்தகைதாரர் கூலி கொடுக்கும் ஆளாகிவிட்டார். அரைப்படி கூடுதல் கேட்டால் அது அவர் மடியிலிருந்துதான் போகவேண்டும். சாதியும் சேர்ந்துகொண்டது. குத்தகைதாரர்களில் பெரும்பாலானவர்கள் இடைச்சாதியினர், கூலிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் தலித்துகள். குத்தகைதாரர் மெல்ல உதயசூரியன் பக்கம் நகர்ந்தார். செங்கொடி ஊர்த்தெருவை விட்டுச் சேரி முனையில் ஊன்றி நின்றது. அது அங்கே நின்றதற்காகப் பெருமைப்படலாம். ஓட்டுக் கணக்கில் அதற்கு விலை இருந்தது.

அரைப்படி என்றதும் வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. 1968இல் நாகைப் பக்கம் கீழ்வெண்மணியில் கூலிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், செங்கொடியை இறக்கு என்றார்கள் மிராசுதார்கள், இறக்கவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள், சங்கம் மறித்தது. டிசம்பர் 25 இரவு ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கியவர்களில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவும் மற்றவர்களும் கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்று, உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். இன்றைக்கும் டிசம்பர் 25இல் கீழ்வெண்மணிக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் கூட்டம் வருகிறது. அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கம்யூனிஸ்டுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் அவர் அந்தக் கூட்டத்துக்கு வந்ததில்லை என்று அர்த்தம்.

வெண்மணிக்குப் பிறகு நடந்தவைதான் என் வாதத்துக்கு முக்கியம். ஆட்சியில் இருந்தது திமுக. கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைத்தார்கள். 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைத்தார்கள். 1971இல் குடியிருப்புச் சட்டம். இந்தக் கடைசிச் சட்டத்தைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை, ஆனால் கீழத்தஞ்சைக் கூலிக்காரருக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. மிராசுதாரின் கையிலிருந்த பெரிய ஆயுதம் சவுக்கு அல்ல, மனை. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். அந்த மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் ஆனதும் மிராசுதாரின் பிடி தளர்ந்தது. கோரிக்கை செங்கொடியினுடையது, ரத்தமும் அவர்களுடையது. பட்டா கொடுத்தது உதயசூரியன். பட்டாவை வாங்கிய கை யாரை ஞாபகம் வைத்துக்கொள்ளும்?

அதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவு வந்தது. நடவுக்குப் போகிற தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பில் நிற்க வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்தில் சோறு கிடைக்கும். கூலி ஒப்பந்தம் எதிலும் இல்லாத ஒன்று இது. தலித் தெருக்களில், முக்கியமாகப் பெண்களிடம், இரட்டை இலை ஆழமாக இறங்கியதற்குச் சினிமா கவர்ச்சி மட்டுமே காரணம் என்று இடதுசாரி நண்பர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் பார்த்த முகம் கூட்டத்தை இழுத்திருக்கலாம். இழுத்த கூட்டத்தைத் தக்கவைத்தது சோறு.

இப்படித்தான் ரேஷன் அரிசியும். 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இலிருந்து இலவசம். ஒரு வேளைச் சோற்றுக்கு மிராசுதாரின் களத்தை நம்பியிருந்த குடும்பம் நியாயவிலைக் கடையை நம்பத் தொடங்கியது. களத்தில் போராட்டம் நடத்திக் கொடுக்க சங்கம் வேண்டும். கடையில் அரிசி வர ஆட்சி வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், மாநிலம் முழுக்க ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு நேராகப் பேங்க் கணக்கில் விழுகிறது. இலவசத்துக்கு விலைபோய்விட்டார்கள் என்று படித்தவர்கள் அலுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அந்த ஆயிரத்தை ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும், அது மூன்று நடவு நாள். மாதத்தில் மூன்று நாள் நடவு கிடைக்காத மாதங்கள் டெல்டாவில் நிறையவே உண்டு.

வேலை எங்கே போனது என்று கேட்டால் மிஷினைக் காட்டுவார்கள். அது பாதிதான், ஆனாலும் பெரிய பாதி. கைஅறுப்பு என்றால் ஓர் ஏக்கருக்கு ஒரு பட்டாளமே வேண்டும். அறுக்க, கட்டுக் கட்ட, களத்துக்குத் தூக்க, அடிக்க, தூற்ற, அளக்க என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆண்களும் பெண்களும் சேர்ந்து நிற்பார்கள். சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வரும் பெல்ட் மிஷின் அதே ஏக்கரை ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடித்துவிட்டு, நெல்லை டிராக்டர் டிப்பரில் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. வாடகை மணிக்கணக்கில். டிரைவர் தமிழ்நாட்டின் வேறு மூலையிலிருந்து வந்தவர். நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. களத்துமேடு என்ற இடமே பல ஊர்களில் இப்போது வாலிபால் ஆடும் இடமாகவோ பஸ் திருப்பும் இடமாகவோ ஆகிவிட்டது. சங்கங்கள் ஆரம்பத்தில் மிஷினை மறித்துப் பார்த்தன. ஆனால் ஆள் கிடைக்காமல் தவிக்கிற, ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற சின்ன விவசாயியும் மிஷினைத்தான் கேட்டார். அவரை எதிர்த்து எத்தனை நாள் மறிப்பது? மிஷின் வந்த பிறகு, மழை வருமே என்று மிராசுதார் பயந்த அந்தச் சில நாட்களின் பலம் கூலிக்காரர்களிடம் இல்லை. வேலைநிறுத்தம் செய்ய வேலை இருக்க வேண்டுமே.

மீதிப் பாதி தண்ணீர். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் சம்பா மட்டும். காவிரிப் பிரச்சினை முற்றிய வருஷங்களில் குறுவை போனது, சம்பாவும் கருகியது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து தென்னை, மா, கூரை எல்லாவற்றையும் சாய்த்தது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் பேர் ஊரை விட்டார்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும், கொஞ்சம் வசதி சேர்ந்தால் சிங்கப்பூருக்கும். அவர்கள் இப்போதும் தொழிலாளிகள்தான். பனியன் கம்பெனியிலோ கட்டட வேலையிலோ வேறு ஊர்ச் சங்கம் அவர்களைத் தேடி வருவதில்லை. ஓட்டு மட்டும் ஊரில் இருக்கிறது, தேர்தலுக்கு பஸ் ஏறி வந்து போடுவார்கள். போடும்போது அவர்கள் மனதில் இருப்பது வயல் கூலி அல்ல.

நிலமும் கை மாறிவிட்டது. அக்கிரகாரத்து மிராசுதார்கள் பலர் எப்போதோ நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். வாங்கியவர்கள் ஊர்த்தெரு ஆட்கள், வளைகுடாப் பணமும் சிங்கப்பூர்ப் பணமும் சேர்த்தவர்கள். அவர்களில் பலர் ஏதாவது ஒரு திராவிடக் கட்சியின் கிளைச் செயலாளரோ ஒன்றியப் பொறுப்பாளரோ. நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கக் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நடத்திய லாப்டி போன்ற அமைப்பின் வழியாக ஓர் ஏக்கர் பெற்ற தலித் குடும்பங்களும் உண்டு. வில்லன் முகம் தெளிவாக இருந்தபோது அரசியல் சுலபமாக இருந்தது. இன்றைய நில உடைமைக்காரர் பக்கத்துத் தெரு, பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை கொடுப்பவர், ஆஸ்பத்திரி அவசரத்துக்குக் காரை அனுப்புபவர். சாதி ஆணவத்தில் அவர் பழைய மிராசுதாருக்குக் குறைந்தவர் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் கூலி கேட்டு அவர் வீட்டு வாசலில் கூட்டம் போட இப்போது காரணம் குறைவு.

நூறு நாள் வேலை இதில் ஒரு விசித்திரம். 2004இல் மத்தியில் வந்த ஆட்சியை வெளியிலிருந்து தாங்கியவர்கள் சுமார் 60 இடதுசாரி எம்பிக்கள். 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்ததில் அவர்களின் அழுத்தம் கணிசம். 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் நாகையும் ஒன்று. அந்தச் சட்டம் கூலிக்கு ஒரு தரை போட்டது. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு ஒரு நாளுக்கு 336 ரூபாய். அதற்குக் குறைவாக நடவுக்குக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், மரக்காலுக்கு முத்திரை கேட்டுத் தொடங்கிய போராட்டத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்? ஆனால் இடத்தில் நடப்பது என்ன? காலையில் பெண்கள் வாய்க்கால் கரையில் கூடுகிறார்கள். அட்டையைப் பார்த்துப் பெயர் பதிவது பணித்தளப் பொறுப்பாளர். அவரைப் போட்டது ஊராட்சித் தலைவர். ஊராட்சித் தலைவருக்குப் பாலமும் ரோடும் வேண்டும், அதனால் ஆளுங்கட்சி அமைச்சரோடு அவருக்கு நெருக்கம். சம்பளம் பாக்கி விழுந்தால் ஒன்றிய அலுவலகத்தின் முன் உட்காருவது செங்கொடிச் சங்கம். பாக்கி வந்ததும் அதை வாங்கிக் கொடுத்ததாகப் போஸ்டர் ஒட்டுவது வேறு ஆள். 1996இலிருந்து உள்ளாட்சியில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த தலித் பெண்ணுக்கும் இதே கணக்குத்தான். எதிர்க்கட்சி அடையாளத்தோடு இருந்தால் தெருவிளக்கு எரியாது.

சாதி விஷயத்தில் கட்சியின் கணக்கு தனியாகப் பேச வேண்டியது. வர்க்கம் சரியானால் சாதி தானாகக் கரையும் என்று நெடுநாள் நம்பினார்கள். களத்துமேட்டில் அடி வாங்கியவரைத் திருப்பி அடிக்கச் சொன்ன கட்சி அது, அதைவிடப் பெரிய சாதி எதிர்ப்பு அந்தக் காலத்தில் வேறு யாரிடமும் இல்லை என்று வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனால் 1990களில் வளர்ந்த தலித் இளைஞர்கள் தங்கள் அவமானத்தை அதன் பெயர் சொல்லிப் பேசும் கட்சியைத் தேடினார்கள். கூலித் தொழிலாளி என்று அழைக்கப்படுவதில் அவர்களுக்கு ஆர்வம் இல்லை. அவர்கள் படித்துவிட்டார்கள், கூலிக்குப் போகவில்லை. திருமாவளவன் அந்த இடத்துக்கு வந்தார். 2021இல் நாகப்பட்டினம் சட்டமன்றத் தொகுதியை வென்றது விடுதலைச் சிறுத்தைகள். மார்க்சிஸ்ட் கட்சி 2007இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி தொடங்கி நல்ல வேலை செய்தது. டெல்டாவைப் பொறுத்தவரை அது பதினைந்து வருஷம் தாமதம்.

இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. இப்போது இந்தப் பக்கம் இடதுசாரிகள் வெல்வது எல்லாம் தனித்தொகுதிகளில்தான். நாகை மக்களவை, திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர் மூன்றும் தனித்தொகுதிகள். இந்தியக் கம்யூனிஸ்ட் முன்பு வென்றுவந்த மன்னார்குடி பொதுத்தொகுதி 2011, 2016, 2021 மூன்று தேர்தலிலும் திமுகவுக்குப் போனது. பங்கீட்டில் பெரிய கட்சிகள் இடதுசாரிகளுக்கு ஒதுக்குவது தங்கள் சொந்த ஊர்த்தெருப் பிரமுகர்கள் கேட்காத தொகுதிகளைத்தான்.

கூட்டணி பற்றிப் பேசும்போது சீட்டு எண்ணிக்கையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சின்னத்தைப் பேசுவதில்லை. கட்சிக்கு ஐந்தாறு சீட்டு கிடைக்கிறது என்றால் மீதித் தொகுதிகளில் செங்கொடிக்காரர் என்ன செய்கிறார்? தன் தெருவில் வீடு வீடாகப் போய் உதயசூரியனுக்குப் போடுங்கள் என்கிறார். அடுத்த தேர்தலில் அதே வீட்டுக் கதவைத் தட்டி இரட்டை இலைக்குப் போடுங்கள் என்கிறார். அப்புறம் மறுபடி சூரியன். இருபது வயதில் முதல் ஓட்டுப் போட்ட பெண்ணுக்கு நாற்பது வயது ஆகும்வரை கதிர் அரிவாளை இயந்திரத்தில் பார்க்கும் வாய்ப்பே பல தொகுதிகளில் இல்லை. கட்சி தன் ஆட்களுக்கே மற்ற கட்சிக்கு ஓட்டுப் போடப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறது. நாலு தேர்தல் பழகிய கை ஐந்தாவது தேர்தலில் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

பணமும் சேர்ந்தது. 2016இல் பணப் பட்டுவாடா காரணமாகத் தஞ்சாவூர் தொகுதித் தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்து, நவம்பரில் மறுபடி நடத்தியது. இந்த ஆட்டத்தில் இடதுசாரிகளால் இறங்க முடியாது. 2019 மக்களவைத் தேர்தல் செலவுக் கணக்கில், இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடியும் மார்க்சிஸ்டுக்கு 10 கோடியும் கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்திடம் தாக்கல் செய்தது. மறைக்காமல் கணக்கில் காட்டியதற்காகப் பாராட்டலாம். ஆனால் உண்டியல் குலுக்கிய கட்சி என்று பெருமையாகச் சொல்லிவந்த கிளைத் தோழருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? அவர் அடுத்த முறை மணல் லாரிக்கோ, கொள்முதல் நிலைய ஊழலுக்கோ எதிராகப் பேசும்போது எதிரே நிற்பவர் என்ன கேட்பார் என்று அவருக்கே தெரியும்.

இளைஞர்களின் கோபம் இல்லாமல் போகவில்லை, வேறு பக்கம் போயிருக்கிறது. 2024இல் நாகை மக்களவைத் தொகுதியில் நாம் தமிழர் கட்சி தனியாக நின்று ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கியது. மீத்தேன், ஹைட்ரோகார்பன், காவிரி என்று அவர்கள் பேசுவதெல்லாம் டெல்டாவின் வலிகள்தான். அதே போராட்டங்களில் செங்கொடிகளும் இருந்தன, இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் போன்றவர்கள் கடைசி நாள்வரை ஊர் ஊராகப் போனார்கள். ஆனால் ஆளுங்கட்சியோடு மேடையைப் பகிர்ந்துகொண்டு அரசை எதிர்ப்பவரைவிட, யாரோடும் சேராமல் கத்துபவர் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு நிஜமாகத் தெரிகிறார். அந்த அரசியலில் எனக்கு உடன்பாடு கிடையாது. அது இழுக்கும் இழுப்பு பொய் என்று சொல்ல முடியாது.

இப்போது வயலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனால் கதை இன்னொரு பக்கம் திரும்புகிறது. சில வருஷங்களாக டெல்டாவில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு, நாற்றுப் பறித்து, முடி கட்டி, கயிறு பிடித்து நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். 34 வருஷம் இடது முன்னணி ஆண்ட மாநிலத்துக்காரர்கள். அந்த முன்னணிக்கு 2021இல் அங்கே ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. நிலச் சீர்திருத்தம் நடந்த ஊரிலிருந்தும் பிழைப்புக்காக ரயில் ஏற வேண்டியிருக்கிறது என்பதையும் இந்தக் கட்சிகள் யோசிக்க வேண்டும்.

1968இல் வெளியாட்களை மறிப்பது சங்கத்தின் முக்கியப் போராட்ட முறையாக இருந்தது. இன்றைக்கு மறிக்க முடியாது, மறிக்கவும் கூடாது. உள்ளூர்ப் பெண்களில் நடவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அவர்களின் பெண்கள் யாரும் சேற்றில் இறங்கத் தயாரில்லை. வங்காளத்திலிருந்து வருபவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, ரேஷன் பெரும்பாலும் இல்லை, பாம்பு கடித்தாலோ கூலியை மேஸ்திரி பிடித்துக்கொண்டாலோ கேட்க ஆளும் இல்லை. சீனிவாச ராவ் தென்பரைக்கு வந்தபோது இங்கிருந்தவர்களின் நிலைமை ஏறக்குறைய இதுதான், பாஷை தெரியாமல் வந்தவர் அந்த முறை அமைப்பாளர், இந்த முறை தொழிலாளி. தேர்தல் கணக்குப் போடும் கட்சிக்கு இவர்களால் ஒரு ஓட்டும் கிடைக்காது. இவர்கள் பெயரைச் சங்கத்தின் சந்தா நோட்டில் எழுதுவார்களா என்பதை டெல்டாவின் இரண்டு செங்கொடிச் சங்கங்களும் அடுத்த சம்பா நடவுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.